பத்து ஸ்டட்டில் நான்கு

விரல்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு சாவிக் கடையில். வீட்டுப் பூட்டு சிக்கிக்கொண்டது என்று எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் அதை நெம்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் முறைத்தும் பார்த்துவிட்டு, "இது நம்மால ஆகாதும்மா. கார் ஷெட்டுல விரல்காரின்னு ஒருத்தி இருக்கா, அவகிட்ட குடுங்க" என்றார். யாரது என்று விசாரித்தால், என் பெரிய நாத்தனாரின் மகள்! நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பெண்ணுக்கு ஊருக்குள் இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத்தான் தெரியவில்லை.

நாத்தனாருக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவன் அப்பா ஜாடை, வாயைத் திறக்கமாட்டான். கடைசி இரண்டும் இரட்டை. நடுவில் இவள். பதினோரு வயதில் என் தையல் மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு முடிப்பதற்குள் திரும்ப மாட்டியும் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மெஷின் சத்தம் போடவே இல்லை. கட்டிக்கொண்டவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன், சாது. ஒரே மகள், எட்டு வயது.

ஷெட்டில் பதினான்கு வருடம் வேலை செய்தாள். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய மனைவியின் தம்பி ஒருவர் அங்கே இருந்தார். எல்லோருக்கும் அவர் மச்சான்தான். தலைமை மெக்கானிக் என்று அவரே தனக்குப் பட்டம் கட்டிக்கொண்டவர். கையில் எப்போதும் முழ நீள ஸ்பானர். அவர் இறுக்கியதைக் கழற்ற ஆள் வைக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு டாக்ஸிக்காரரின் கார் வந்தது. சூடேறிச் சூடேறி இன்ஜினின் கேஸ்கெட் போய்விட்டது. எனக்கு இந்த இன்ஜின் சமாச்சாரமெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். கீழே பிளாக் என்று கனத்த இரும்பு. அதன் மேல் மூடி மாதிரி ஹெட். நடுவில் கசிவு வராமல் அடைக்கிற மெல்லிய தகடு, அதுதான் கேஸ்கெட். மூடி அசையாமல் இருக்க, பிளாக்கில் பத்துத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்டட் என்று ஒரு கம்பியை மரையில் திருகி நிறுத்துவார்கள். ஹெட்டை அவற்றின் மேல் இறக்கி, மேலே நட்டுப் போட்டு இறுக்குவார்கள். இறுக்கம் எல்லாம் நட்டோடு சரி. ஸ்டட்டை விரலால்தான் இறக்க வேண்டும். துளை அடியில் மூடியது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் நின்றாலும் அதற்குத் தப்பிக்க வழி கிடையாது. மேலிருந்து ஸ்பானர் போட்டு ஸ்டட்டை அழுத்தினால், எண்ணெய் இரும்பையே பிளந்துவிடும்.

அதனால் அவள் ஒவ்வொரு துளையையும் கழுவி, காற்றடித்து, கம்பியில் துணி சுற்றித் துடைத்து, துணி காய்ந்து வருகிற வரை விடமாட்டாள்.

"என்னம்மா, குழந்தைக்குத் தலை சீவுறியா?" என்றார் மச்சான்.

"ஆமாண்ணே. முடிச்சதும் நீங்க வந்து உக்காருங்க, பேன் பாத்து விடறேன்."

ஷெட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை அந்த ஆள் மறக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆறு ஸ்டட் போட்டு முடித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகள் படியில் விழுந்து தாடை கிழிந்துவிட்டது. அவள் மிச்சமிருந்த நான்கு துளைகளிலும் துணியை அடைத்தாள். "அண்ணே, பின்னாடி நாலும் இன்னும் ஈரம். நான் வந்து பாத்துக்கறேன், கைவைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பிள்ளைக்கு மூன்று தையல். மறுநாள் அவள் வேலைக்குப் போனபோது கார் வீட்டுக்கே போய்விட்டிருந்தது.

"நாலு ஸ்டட்டுக்கு ஒரு நாள் காத்திருக்கணுமா? பத்து நிமிஷத்துல முடிச்சாச்சு" என்றார் மச்சான்.

"தொடச்சிட்டுத்தானே போட்டீங்க?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மூன்றாம் நாள் டாக்ஸியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. மச்சான் உடனே நடு ஷெட்டில் நின்று, "ஸ்டட் போட்டது அவ. பொம்பள விரலுக்கு என்ன பலம்? அப்பவே சொன்னேன்" என்றார். பத்தையும் அவள்தான் போட்டாள் என்று வாய் கூசாமல் சொன்னார். முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அவள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "அத்தை, வேலை போனா வேற பாத்துக்கலாம். நான் இன்ஜினைக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா எந்த ஷெட்டுல சேப்பாங்க?" என்றாள். மறுநாள் காலையில் அவளோடு நானும் கிளம்பினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டுமா என்ன?

டாக்ஸிக்காரரும் அங்கேயே இருந்தார். அவள் முதலாளியிடம் நேராகச் சொன்னாள்: "ஹெட்டைத் தூக்குங்க சார். நான் போட்ட ஆறும் விரலாலேயே வெளியே வரும். மிச்ச நாலும் அப்படி வந்தா தப்பு என்னோடது, நான் போயிடறேன்."

"ஓடுன இன்ஜின்ல விரலால வருமாம்!" என்றார் மச்சான்.

"தூக்குங்கப்பா, நானும் பாக்கறேன். வண்டி என்னோடது" என்றார் டாக்ஸிக்காரர்.

தூக்கினார்கள். அவள் கிட்டேயே போகவில்லை. "நீங்களே திருப்புங்கண்ணே" என்று டாக்ஸிக்காரரையே விட்டாள். முதல் ஸ்டட் கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. அடுத்த ஐந்தும் பாட்டில் மூடி மாதிரி வந்தன. அடி முனையில் ஈரமே இல்லை. ஏழாவதைத் திருப்பித் திருப்பி அவர் விரல் சிவந்ததுதான் மிச்சம். "இது அசையலையேம்மா" என்றார். நான்கும் அப்படியே. கடைசியில் ஸ்பானர் போட்டு இரண்டு பேர் தொங்கித்தான் எடுத்தார்கள். எடுத்தால் எண்ணெய் சொட்டுகிறது. ஒன்பதாவது துளையிலிருந்து, இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற பக்கத்து வழி வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.

"இது எப்படி வந்துச்சு?" என்று டாக்ஸிக்காரர் கேட்டார். மச்சான் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

முதலாளி அவசரமாக அவளை அறைக்குள் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன்.

"யார் செஞ்சதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. ஆனா அவன் என் பொண்டாட்டியோட தம்பி. பழைய பிளாக், தானா விட்டுடுச்சுன்னு டாக்ஸிக்காரர்கிட்ட நீயே சொல்லிடு. நீ சொன்னா நம்புவார். உன் வேலை உனக்கு."

"என் பேர்ல பழி போட்டப்ப நடு ஷெட்டுல போட்டீங்க. இப்ப பொய் சொல்லவும் நான்தானா சார்?"

"கோபப்படாதம்மா."

"அவ படல, நான் படறேன்!" என்றேன் நான். "பதினாலு வருஷம் வேலை பாத்தவள ஒரு வார்த்தை கேக்காம வெளிய அனுப்பினீங்களே, மச்சினன அனுப்ப மட்டும் வாய் வரலையா?"

"பெரியம்மா, நீங்க இதுல வராதீங்க."

"வந்தாச்சு!"

அவள் வெளியே வந்தாள். டாக்ஸிக்காரரிடம், "துளையில எண்ணெய் இருக்கறப்ப ஸ்பானர் போட்டு இறுக்கியிருக்காங்கண்ணே, அதான் பிளந்திருக்கு. உங்க வண்டி மேல தப்பில்ல. வேற பிளாக் வாங்காம விடாதீங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். முதலாளி தடுக்கவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை.

டாக்ஸிக்காரர் ஐந்து நாள் வாசலை மறித்து உட்கார்ந்த பிறகு வேறு பிளாக் போட்டுக் கொடுத்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டிரைவர்களிடமும் நடந்ததைச் சொன்னார். ஆனால் அந்த மச்சான் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், தலைமை மெக்கானிக்காகவே. ஒரு மன்னிப்பு? அவரும் கேட்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. நான் அந்தத் தெரு வழியாகப் போகும்போது ஷெட்டுக்குள் திரும்பி நன்றாக முறைத்துவிட்டுத்தான் போகிறேன்.

அவள் இப்போது பள்ளிப் பேருந்துகள் நிறுத்தும் பணிமனையில் இருக்கிறாள். பதினொரு பேருந்துகளின் இன்ஜின் வேலையும் அவள் பொறுப்பில்.