சனிக்கிழமை மிளகாய்

என் மாவு மில்லுக்கு மேலே இருக்கும் அறையை கிருஷ்ணப்பிரியா வாடகைக்குக் கேட்டபோது, டியூஷன் எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். மனசு சரியில்லாதவர்கள் வந்து பேசுவார்களாம், இவர் உட்கார்ந்து கேட்பாராம், அதற்கென்று படிப்பே இருக்கிறதாம். பேசுவதற்குக் காசு கொடுக்கிற ஆள் திருவேற்காட்டில் எவன் இருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

கரூர்க்காரர். கல்யாணமாகி இங்கே ஃபிளாட்டுக்கு வந்தவர். கம்பெனியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். தை பிறப்பதற்குள் ஆள் வராவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டுப் பழைய வேலைக்கே போவதாக வீட்டில் பேச்சு. அதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

படிக்கட்டின் கீழே 'மனநல ஆலோசனை' என்று தெருவுக்கே தெரிகிற மாதிரி ஒரு போர்டு மாட்டினார். அதுதான் வினை. ஃபிளாட் ஆட்கள் இவரை லிஃப்ட் வாசலில் நிறுத்தி மாமியார் கதையை அரை மணி நேரம் சொல்வார்களாம். அறைக்கு வாங்க, நிதானமாகப் பேசலாம் என்றால், எனக்கென்ன பைத்தியமா என்பார்களாம். ஒருத்தர் ஜாதகத்தோடு வந்தார். இன்னொருத்தர் பையனுக்குக் கணக்கு சொல்லித் தருவீர்களா என்று கேட்டார். மற்றபடி மேலே ஃபேன் ஓடுகிற சத்தம்தான்.

என்னிடம் இரண்டு மெஷின். அரிசி, கோதுமைக்கு ஒன்று. மிளகாய்க்கு ஒன்று, அதைச் சனிக்கிழமை மட்டும்தான் போடுவேன். தினம் போட்டால் தெருவே தும்மும்.

அப்படி ஒரு சனிக்கிழமை நடேசன் சார் வந்தார். இது அவர் நிஜப் பெயர் இல்லை. ஆவடி ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மீசையைப் பார்த்தால் ஓடுகிற மெஷின் தானாக நிற்கும். மிளகாய்ப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வழியை அடைத்து நின்ற ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி கிருஷ்ணப்பிரியாவிடம் சண்டை போட மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் ஆள் இறங்கவில்லை. ஸ்கூட்டரும் நகரவில்லை. வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழம். வரிசையில் நின்ற பெண் என்ன சார் என்று கேட்க, மிளகாய் நெடி என்றார். அங்கே எல்லார் கண்ணும் அப்படித்தான் இருந்தது. யாரும் மேலே கிளறவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார், கால் கிலோ மிளகாயோடு. பிறகு இன்னும் இரண்டு பேர், கைப்பிடி மிளகாயோடு. மூன்று பேரும் பையைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். வாராவாரம் இப்படி மிளகாய் தின்றால் வயிறு என்ன ஆவது என்றுதான் நான் கவலைப்பட்டேன்.

கிருஷ்ணப்பிரியாவுக்கும் விஷயம் பிடிபடவில்லை. ஆள் வரத் தொடங்கிய சந்தோஷம் ஒரு பக்கம், வருகிறவர்கள் தும்முகிறார்களே என்ற வருத்தம் ஒரு பக்கம். கீழே வந்து, "அண்ணா, மொளகாயத் திங்கக்கெழமைக்கு மாத்திக்கங்களேன். பாவம், அவங்களால பேசவே முடியலீங்க" என்றார்.

"மில்லு முன்ன வந்துச்சா, நீ முன்ன வந்தியாம்மா?" என்று கேட்டேன். ஆனாலும் மாற்றினேன். தை நெருங்கிக்கொண்டிருந்தது, என்னால் கெட்டது என்ற பேச்சு எதற்கு?

அந்தச் சனிக்கிழமை நடேசன் சார் பையோடு வந்து நின்றார். இனிமேல் மிளகாய் திங்கட்கிழமைதான் என்றேன். படிக்கட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மேலே போவதென்றால் போங்க சார் என்று நான் யதார்த்தமாகச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேல எனக்கு என்னய்யா வேலை?" என்று திரும்பி நடந்தார். மற்ற இருவரும் கோதுமை வரிசையைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள்.

இதையெல்லாம் ஜன்னலில் நின்று பார்த்த கிருஷ்ணப்பிரியா தடதடவென்று இறங்கி வந்தார்.

"அண்ணா, மறுபடி சனிக்கெழமையே மொளகாயப் போட்டுருங்க."

"நீதானம்மா நெடி ஆவலன்னு சொன்ன?"

"நெடி இருந்தாத்தாங்கண்ணா அவங்க அழ முடியும்."

அப்போதுதான் என் மரமண்டையில் இறங்கியது.

போர்டை அன்றைக்கே கழற்றி உள்ளே வைத்தார். எனக்கு ஒரே ஒரு கட்டளை: மேலே போகிறவர்களை எதுவும் கேட்கக் கூடாது. தை பிறந்தபோது, சனிக்கிழமைகளில் படிக்கட்டில் செருப்பு விட இடம் இல்லை. பழைய கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

போன சனிக்கிழமை தலையை நிமிர்த்தாமல் ஒரு பையை வாங்கினேன். கொடுத்த கையில் தெரிந்த வளையல். என் பொண்டாட்டி பார்வதம். மில்லுக்காரன் வீட்டில் மிளகாய்த் தூளுக்குப் பஞ்சமா? முந்தாநாள்தான் டப்பா நிறையக் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னாடி, ஊட்ல தூள் கீதே?"

"தீந்துபூச்சு" என்றாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கட்டளை ஞாபகம் வந்தது. அரைக்க நேரமாகும் என்றேன். ஆகட்டும் என்று படியேறிவிட்டாள்.

என்னைப் பற்றித்தான் பேசுவாள். வேறு யாரைப் பற்றிப் பேச? அவள் கொடுத்த கால் கிலோவைத் திரும்பத் திரும்பப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன். மிளகாய் முகப்பவுடர் பதத்துக்கு வந்துவிட்டது. அவள் இன்னும் இறங்கவில்லை.