யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு

சவேரியூரில் அமுதாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் மைக் செட்டைக் கேட்காதவர்கள் கிடையாது. மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மினி பஸ் ஏறி, கரும்புக்காடு முடிகிற இடத்தில் கால் வைத்தாலே போதும். ஊருக்குள் காதுகுத்தா, வயசுக்கு வந்த பொண்ணுக்குச் சீரா, சாவா என்பதைப் புளியமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் சொல்லிவிடும். ஆம்ப்ளிபயர் பெட்டியில் 'அமுதா சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். மகள் பிறந்த வருஷமே செட்டும் வாங்கிய அப்பா, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அமுதாதான் மரம் ஏறுகிறாள், ஒயர் இழுக்கிறாள், ஜெனரேட்டரை உதைக்கிறாள். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் ஒரு பாட்டு.

அந்தக் கதையை ஊரே சொல்லும். அவளுடைய நிச்சயதார்த்தம் அன்று, அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறு விழுந்த நேரத்தில் செட்டில் ஒரு நடிகரின் பாட்டு வந்தது. மாப்பிள்ளையின் மாமனுக்கு அந்த நடிகரைக் கண்டால் ஆகாது. "எங்களைக் கூப்புட்டு வெச்சு அவமானப்படுத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து, ஒரு வேன் முழுக்கச் சாப்பிடாமல் போய்விட்டது. தொடாத இலைகளைத் தானே மடித்து எடுத்தது அமுதாவுக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

சவேரியூர் அப்படிப்பட்ட ஊர். மேலத்தெரு என்றும் கீழத்தெரு என்றும் இரண்டாகக் கிடக்கிறது. மாதா கோயில் ஒன்று, குடிக்கிற தண்ணீர் ஒன்று, இருக்கிற ஒரே செட்டும் அமுதாவுடையது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தான். பாட்டில் சிங்கம் என்று வந்தால் மேலத்தெரு காலரைத் தூக்கும். புலி என்று வந்தால் கீழத்தெரு விசிலடிக்கும். சரி, வம்பே வேண்டாம் என்று அமுதா ஒரு காதுகுத்தில் தாலாட்டுப் போட்டாள். அதில் 'ராசா' என்று வந்தது. யாருடா ராசா என்று ஒருத்தன் கேட்டான். அதற்கப்புறம் பந்தலில் பறந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வயல்வெளியில் தேடித்தான் பொறுக்கினார்கள். குழந்தைக்குக் காது குத்தினார்களா என்பதைக் கேட்கக்கூட ஆளில்லை.

நாற்காலிச் சண்டைக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் இரண்டு தெருக்காரர்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுச் சமாதானக் கூட்டம் போட்டார். மேலத்தெருவுக்குத் தங்கராஜ் வந்தார், உரக்கடைக்காரர், பேசினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். கீழத்தெருவுக்கு மாது வந்தார், பால் சொசைட்டிக்காரர், பேசவே மாட்டார், முறைத்தே காரியத்தை முடிப்பவர். இன்ஸ்பெக்டர் அவர்களை விட்டுவிட்டு அமுதாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உங்க ஊருக்கு நான் எத்தினி தடவ ஜீப்ப எடுக்கறது? இனிமே யாருக்கும் புரியாத பாட்டாப் போடு. புரிஞ்சாத்தான வம்பு? இன்னொருக்கா கலாட்டான்னு தகவல் வந்துச்சு, செட்டு இங்க வந்துரும்."

யாருக்கும் புரியாத பாட்டுக்கு அமுதா எங்கே போவாள்? தம்பி அருள்பிரகாஷுக்குப் போன் போட்டு அழுதாள். அவன் பெங்களூரில் ஒரு குடோனில் பார்சல் கட்டுகிறான். வெளிநாட்டிலிருந்து வரும் இசைத்தட்டுகளைப் பணக்காரப் பையன்களுக்கு அனுப்புகிற கம்பெனி அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மொரப்பூரில் இறங்கும்போது தோளில் ஓர் அரிசி மூட்டை இருந்தது. வீட்டில் வந்து அவிழ்த்தால் உள்ளே முழுக்க இசைத்தட்டு. நைஜீரியாக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வாசித்தது, இத்தாலிக்காரர்களின் டிஸ்கோ, ஜெர்மனியில் மிஷின் வைத்துப் போட்டது. எல்லாம் போன வருஷம் மறுபடி அச்சடித்த புத்தம்புதுத் தட்டுகள். கூடவே தட்டைச் சுழற்றுகிற பிளேயர் ஒன்று, மூடி உடைந்தது.

"இத்தனையும் உனக்கு எப்படிடா குடுத்தாங்க?"

"தட்டு வெச்ச அட்டயோட மூல மடங்கியிருக்குது பாருக்கா. மடங்குனா வாங்கறவங்க திருப்பி அனுப்பிருவாங்க. கம்பெனியில ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. தட்டுக்கு ஒண்ணும் ஆவல."

"அட்ட மடங்குனா பாட்டு மடங்கிருமா?"

"அவங்க எங்கக்கா பாட்டுக் கேக்கறாங்க? கவர் பிரிக்காம அலமாரியில அடுக்கி வெக்கறாங்க."

மடங்கின அட்டைக்குக் கண்கலங்குகிற ஒரு கூட்டம் பூமியில் இருக்கிறது என்பதை அமுதாவால் நம்ப முடியவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னாள்.

முதல் தட்டு கீழத்தெருச் சீர் ஒன்றில் சுழன்றது. நைஜீரியாக்காரர்களின் டிரம் எடுத்த எடுப்பிலேயே அடிவயிற்றைத் தட்டியது. மேலே ஊதுகுழல்கள் கூட்டமாகச் சேர்ந்து கத்தின. நடுவில் ஒருவர் ஏதோ கேட்க, பத்துப் பேர் சேர்ந்து ஏதோ பதில் சொன்னார்கள். என்ன கேட்டார், என்ன சொன்னார்கள், யாருக்கும் தெரியாது. அதுதான் அழகு. தங்கராஜ் காதைத் தீட்டிக்கொண்டு சிங்கம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மாது புலியைத் தேடினார். அதுவும் இல்லை. சண்டை போட வழியில்லாமல் ஊர் தவித்தது. தவிப்பில் கால் ஆட ஆரம்பித்தது. தேங்காய் உடைக்கப் போன ஆள் அரிவாளோடு ஆடினார். அமுதாவின் அம்மா மதலேனம்மாள் மட்டும், "இது எந்தச் சபைப் பாட்டுடி?" என்று கேட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் நீடித்ததா என்றால், அதுதான் இல்லை. சவேரியூரை அவ்வளவு லேசாக நினைக்கக் கூடாது.

முதலில் நிறத்தில் வந்தது வினை. இந்தக் காலத்து இசைத்தட்டைக் கறுப்பில் மட்டும் அச்சடிப்பதில்லை. பச்சை, சிவப்பு, நீலம், கண்ணாடி மாதிரி ஒன்று, சாயம் தெளித்த மாதிரி ஒன்று என்று விதவிதமாக வருகிறது. எந்த நிறத்தைச் சொன்னாலும் இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரு கொடிக்கம்பம் இருக்கிறது. அமுதா ஒரு பெரிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் பிளேயரை மூடினாள். தட்டு சுற்றுவது யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. நிறம் அடங்கியது, அட்டைப் படம் கிளம்பியது. நைஜீரியா அட்டையில் இருந்த பாடகர் கறுப்புக் கண்ணாடி போட்டு மீசையை முறுக்கியிருந்தார். கீழத்தெருப் பையன்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. அடுத்த விசேஷத்துக்கு வைத்த பிளெக்ஸ் பேனரில், தாய்மாமன்களுக்கு நடுவில் அவரும் கைகூப்பி நின்றார். கீழே 'நைஜீரியா நற்பணி மன்றம், சவேரியூர் கிளை' என்று போட்டிருந்தது. மற்ற ஊர்களிலும் கிளை இருப்பதுபோல.

மேலத்தெரு சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் 'இத்தாலி டிஸ்கோ இளைஞர் பேரவை' உதயமாயிற்று. தங்கராஜ் கௌரவத் தலைவர். இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பென்னாகரம் பக்கம் கைகாட்டுவார். ஆனால் டிஸ்கோ ஓடும்போது எவனாவது பாதியில் எழுந்தால் அவருக்கு ரத்தம் கொதித்தது.

இந்த நிலவரத்தில்தான் அமுதாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

மாப்பிள்ளை செபாஸ்டின், கீழத்தெரு, டிராக்டர் மெக்கானிக். அவளுடைய ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வந்தவர், அதுவே சாக்காக அடிக்கடி வந்தார். நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, பொய் சொல்ல வராது. டிராக்டர் விற்கப் போகிறவர்கள் அவர் பட்டறை வழியாகவே போக மாட்டார்கள். வாங்க வந்தவன் கேட்டால் வண்டியின் அத்தனை வியாதியையும் சொல்லிவிடுவார். பழுதான ஒரு பொருள் கண்ணெதிரில் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

தேதி குறித்த அன்றே தங்கராஜ் வந்து நின்றார். "பொண்ணு எங்க தெரு. டிஸ்கோதான் ஓடோணும். இல்லீன்னா எங்காளுங்க பந்தியில கை நனைக்க மாட்டாங்க, சொல்லிட்டன்."

சாயங்காலம் மாது வந்து வாசலில் நின்று முறைத்தார். கடைசியில் வாயைத் திறந்தார். "மாப்ள எங்க தெரு. நைஜீரியா."

செட்டே இல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. இந்தப் பக்கத்தில் செட்டுக் கட்டாமல் நடக்கிற கல்யாணம் ஓடிப்போனவர்கள் கல்யாணம் மட்டுந்தான். அதிலும் செட்டுக்காரி கல்யாணத்துக்குச் செட்டு இல்லையென்றால் ஊர் வாய்க்கு என்ன பூட்டுப் போடுவது? அமுதாவுக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் சோறோடு கிடக்கிற இலைகள்தான் வந்தன. இன்னொரு முறை அதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

தம்பிதான் மூட்டையின் அடியில் துழாவி ஒரு வெள்ளை அட்டையை எடுத்தான். ஜெர்மனித் தட்டு. போட்டுக் காட்டினான். "ம்ம்ம்ம்ம்" என்றது. அமுதா காத்திருந்தாள். மேலும் "ம்ம்ம்ம்ம்" என்றது.

"எர்த் அடிக்குதுடா. ஒயரப் பாரு."

"எர்த் இல்லக்கா. பாட்டே அதான். மூட்டையிலயே வெல ஒசந்த தட்டு இது. ரெண்டு பக்கமும் பூரா இப்பிடியேதான் இருக்கும்."

அமுதா அந்த 'ம்ம்ம்'மை உட்கார்ந்து கேட்டாள். சிங்கம் இல்லை, புலி இல்லை, ராசா இல்லை. டிரம் இல்லை, மீசை இல்லை. அட்டைகூட வெள்ளை. உலகத்தில் எந்தத் தெருவும் இதற்குச் சொந்தம் கொண்டாடாது. சிரிப்பு வந்தது அவளுக்கு, எத்தனையோ நாளுக்கப்புறம்.

யாரிடமும் சொல்லவில்லை. செபாஸ்டினிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்றுதான்.

காலையில் கோயிலில் பூசை முடிந்து, தாலி ஏறி, ஊர்வலமாகப் பந்தலுக்கு வந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்தார்கள். இரண்டு தெருவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்தது. அருள்பிரகாஷ் அன்னக்கூடைக்கு அடியில் கைவிட்டு முள்ளை வைத்துவிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனான்.

"ம்ம்ம்ம்ம்" என்றது புளியமரம்.

ஊர் நிமிர்ந்து பார்த்தது. "செட்டு கெட்டுப்போச்சாட்டம் இருக்குது" என்றார் தங்கராஜ். மாது தலையாட்டினார். கெட்டுப்போன செட்டின் மேல் யாருக்கு என்ன கோபம் வரும்? கை நனைத்தார்கள். முதல் பந்தி சாப்பிட்டு எழுந்தது. அமுதா மணமேடையிலிருந்து ஒவ்வோர் இலையாகப் பார்த்தாள். எல்லாம் வழித்துச் சாப்பிட்ட இலை.

ஆனால் வயிறு நிறைந்த சவேரியூர் சும்மா இருக்காது. தங்கராஜ் போய் எர்த் கம்பியை ஆட்டிப் பார்த்தார். மாது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறினார். மேலத்தெரு ஆள் ஒருவர் எர்த் குழியில் உப்பும் தண்ணியும் ஊற்ற வேண்டும் என்றார். கீழத்தெரு ஆள் ஓடிப்போய்க் கடப்பாறை எடுத்து வந்தார். இரண்டு தெருவும் சேர்ந்து குழி தோண்ட ஆரம்பித்தன. இப்படி ஒரு காட்சியை அந்த ஊர் கண்டதில்லை.

மணமேடையில் செபாஸ்டினுக்கு உட்கார முடியவில்லை. "அமுதா, ஒரு நிமிசங்க. நான் போயி பாத்துட்டு வந்தர்றன். காதுல கேக்கவே சகிக்கல."

இனி மறைத்துப் பயனில்லை. அமுதா அவர் விரலைப் பிடித்தாள். "உக்காருங்க. இது ரிப்பேர் இல்லீங்க. பாட்டு."

"இதா?"

"ஜெர்மனிக்காரங்க போட்டது. வேற எந்தப் பாட்டு போட்டாலும் ஒரு தெரு எழுந்து போயிருமுங்க. அன்னிக்குப் போன மாதிரி."

செபாஸ்டின் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தட்டின் ஒரு பக்கம் முடிந்தது. இரைச்சல் பட்டென்று நின்றது. குழிக்குள் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த தங்கராஜும், மரத்தின் மேல் ஒயரைத் திருகிக்கொண்டிருந்த மாதுவும் ஒரே சமயத்தில், "சரியாயிருச்சு!" என்று கத்தினார்கள். மாது கத்தி அன்றைக்குத்தான் ஊர் கேட்டது. கைதட்டல் லேசில் அடங்கவில்லை. அடங்கினதும் யாரோ கேட்டார்கள்:

"அப்ப பாட்டுப் போடலாமே!"

இரண்டாம் பந்தி அப்போதுதான் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. தங்கராஜ் மாதுவைப் பார்த்தார். மாது மரத்தின் மேலிருந்தே முறைத்தார். பேரவையும் மன்றமும் தங்கள் தங்கள் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தன. ஒருவர் இலையைத் தள்ளிவைத்தார். அருள்பிரகாஷ் வாளியோடு பந்தலின் அந்தக் கோடியில் இருந்தான். அமுதா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். மணப்பெண் எழுந்து போனால் ஊரே பின்னால் வரும்.

செபாஸ்டின் எழுந்தார். கழுத்து மாலையோடு போய் அன்னக்கூடைக்கு அடியில் கையை விட்டார். டிராக்டருக்கு அடியில் கண்ணால் பார்க்காமல் வேலை செய்து பழகிய கை. தட்டைப் புரட்டிப் போட்டு முள்ளை வைத்தார்.

"ம்ம்ம்ம்ம்" என்றது மரம், முன்னைவிடக் கொஞ்சம் அடித் தொண்டையில்.

"அடப் பாவமே! என்னப்பா ஆச்சு?" என்றார் தங்கராஜ்.

செபாஸ்டின் ஊரைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகாத ஒன்றைச் சொல்ல வாய் கோணியது.

"பெரிய வேலைங்க. ஸ்பீக்கர்ல காயில் போயிருச்சு. இன்னிக்கி ஆவாது."

செபாஸ்டின் சொன்னால் அப்பீல் ஏது? ஊர் அப்படியே நம்பியது. இலையைத் தள்ளி வைத்தவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாது மெதுவாக மரத்தை விட்டு இறங்கி, குழியை விட்டு ஏறி உட்கார்ந்திருந்த தங்கராஜின் பக்கத்தில் காலி இடத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம செட்டுக்கு இப்பிடி ஆயிப்போச்சே" என்று தங்கராஜ் வருத்தப்பட்டார்.

செபாஸ்டின் மணமேடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அமுதா அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, அவள் எதையும் அடக்கவில்லை. தம்பி அவர்கள் முன்னால் இலை போட்டுச் சோறு வைத்தான். இருவரும் சாப்பிட்டார்கள்.