வலிக்கத்தான் செய்யும் என்று யார் சொன்னது?

கடையில் கல்யாணக்காரர்களுக்குக் கூறைச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. தோல் டொக்டர் சிவகாமியின் கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் ரஞ்சனி. "அக்கா, டொக்டர் போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இந்தக் கண்டி நகரத்தில் அவர் ஏச வேண்டிய ஆட்கள் இன்னும் எவ்வளவோ பேர் பாக்கி இருந்தார்கள்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அவரிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கியது என் தலைமுடிக்காக. என் அம்மா இங்கே கண்டிப் பக்கத்துக் கெலிஓயாக்காரி. அப்பா புத்தளம் பக்கம்; அவருடைய முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். நிறம் அம்மாவுடையது, முடி அப்பாவுடையது. சுருள் சுருளாக, நெருக்கமாக, சீப்புக்கு அடங்காத முடி. அது நெற்றியோரம் கொட்டத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: "அப்பா பக்கத்து முடி, அப்படித்தான் இருக்கும்." ஒரு மருத்துவர் பூஞ்சைத் தொற்று என்று கிரீம் கொடுத்தார். பார்லரில் மருந்து போட்டு நேராக்கிவிடச் சொன்னார்கள்.

டொக்டர் சிவகாமி என் தலையைத் தொடவே இல்லை. கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்தார். "காலையில எப்படிக் கட்டுவீங்களோ, அப்படியே கட்டிக் காட்டுங்க" என்றார். முடிக்காக யார் வந்தாலும் அவர் முதலில் செய்யச் சொல்வது அதைத்தான். நானும் கட்டினேன். எண்ணெய் வைத்து, நனைக்காத முடியில் சன்னச் சீப்பை இழுத்து, ரப்பர் வளையம் போட்டு, புருவம் மேலே ஏறும்வரை இறுக்கி, கொண்டை. எங்கள் சேலைக்கடையில் பெண்களுக்கு அதுதான் சட்டம்.

"கட்டும்போது வலிக்குதா?"

"இறுக்கிக் கட்டினா வலிக்கத்தானே செய்யும், டொக்டர்."

"வலிக்கத்தான் செய்யும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

அந்த அதட்டலில் வெளியே இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பிறகு சீப்பில் சிக்கிய முடிகளை வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸை என் கையில் கொடுத்தார். "வேர்ப்பக்கம் வெள்ளையா குமிழ் தெரியுதா? தெரியல. இது உதிரல, ஒடைஞ்சிருக்கு." நெற்றியின் விளிம்பில் பூனைமுடி மாதிரி ஒரு வரிசை மட்டும் மிஞ்சியிருந்தது. "கட்டுக்கு அகப்படாத குட்டை முடி மட்டும் தப்பிச்சிருக்கு. இழுபட்டதெல்லாம் போச்சு. இதுல அப்பாவுக்கு என்ன சம்பந்தம்? உங்க முடிக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல. வருத்தமெல்லாம் அந்தக் கொண்டைக்குத்தான்." என் அப்பாவின் மேல் யாரோ சுமத்திய பழியை ஒரு மனிதர் கழுவிவிட்டதாக நான் உணர்ந்தேன். அங்கேயே அழுதேன். அதற்கும் ஏசினார்.

கொண்டையை விட்டால் வேலை போய்விடும் என்றேன். அந்த வாரக் கடைசியில் டொக்டரே கடைக்கு வந்து முதலாளியின் முன் நின்றார்.

"கடைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, டொக்டர்" என்றார் முதலாளி.

"இந்தப் பட்டுச் சேலைய நாளெல்லாம் ஆணியில இழுத்துக் கட்டி வைப்பீங்களா?"

"ஐயோ, இழை போயிருமே!"

"அப்ப அவங்க தலை மட்டும் என்ன?"

முதலாளி என்னைப் பின்னால் ஸ்டோர் பக்கம் அனுப்பப் பார்த்தார். "பின்னுக்குப் போகாதீங்க, முன்னுக்கே நில்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தனக்கு ஒரு சேலையும் எடுத்துக்கொண்டுதான் டொக்டர் போனார். நான் முன்னுக்கே நின்றேன், விரித்த முடியோடு. முதலாளி இன்றுவரை முனகிக்கொண்டேதான் இருக்கிறார். வேலையும் இருக்கிறது.

முடி மெல்ல மெல்ல வந்தது. வலது நெற்றியோரம் பெருவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று அப்படியே கிடந்தது. அதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். "மத்த இடமெல்லாம் வரும். இது தழும்பாயிருச்சு, வராது. பொய் சொல்லி உங்களுக்கு எண்ணெய் விக்க மாட்டேன்."

செய்தி கேட்டு நான் போனபோது, கட்டுகஸ்தோட்டையில் டொக்டருடைய வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா என்னை நிறுத்தினார். "சாவு வீட்டுக்கு இப்படியா வர்றது? ஒரு கொண்டைய போட்டுக்கிட்டு வரக் கூடாதா?"

"டொக்டர் அவிழ்த்துவிட்ட தலைங்க இது. அவங்க முன்னுக்குக் கட்டிக்கிட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அவர் காலடியில் நின்றேன். அங்கே அழுததற்கு ஏச ஆள் இல்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, அவர் பொய் சொல்லாமல் காட்டித்தந்த அந்தப் பெருவிரல் அகல இடத்தைத்தான். பவுடர் பூசுவதில்லை, துணி சுற்றுவதில்லை. மறுநாள் கடைக்குப் போனபோது முதலாளி அதைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பக்கத்து முடிய கொஞ்சம் இழுத்து அத மூடிக்கலாமேம்மா."

"இழுத்துத்தான், முதலாளி, அது வந்துச்சு" என்றேன்.