கொடிக்கு அடியில் குனிந்து போனவர்கள்

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனைக்கு கேட் வேண்டுமென்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இன்று புது கேட்டின் பெயின்ட் வாசனை, வேலியே இல்லாத என் சின்ன வயசுத் தெருவுக்கு என்னை இழுத்துப்போனது. அப்போது ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி எங்கள் வீட்டுக் கொல்லை வழியாகத்தான். காலையில் செருப்புச் சத்தம் ஓயாது, ரயிலுக்குப் போகும் மெர்சி டீச்சர் எங்கள் கொடியில் காயும் ஈரப்புடவையைத் தூக்கி, குனிந்து கடந்து, திரும்பவும் நேராக இழுத்துவிட்டுப் போவார், யாரையும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கேட்டைத் தாண்டி முன்பின் தெரியாத பெண் ஒருத்தி மெதுவாக வந்தாள்.

"யாரைப் பார்க்கணும்?" என்றேன்.

"யாரையும் இல்ல சார். சும்மா வாக்கிங்."

சும்மா எவளாவது அடுத்தவர் தெருவில் நடப்பாளா? அவள் திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றேன். பிறகு, கேட் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.