வலிக்காத கை

பக்கவாதம் தாக்கிய அன்று தம்பியின் கையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதைச் சிராய்ப்புகூட இல்லாமல் சுவரோரச் சட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் விழுந்தான். கடையில் கூட வேலை பார்த்தவர்கள் இதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் கண்ணாடி அறுத்தவன். கடைத்தெருவில் அவனுக்குக் 'கண்ணாடிக்காரர்' என்றுதான் பேர். தழும்பு இல்லாத விரல் ஒன்றுகூட அவனிடம் கிடையாது. "ரத்தம் வராத நாள்தான் எனக்கு லீவு" என்று சிரிப்பான்.

பெண்டாட்டி எப்போதோ பிரிந்து போய்விட்டாள். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போக அக்காவை விட்டால் நாதி இல்லை. அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது, தனிக்கட்டை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. தெருமுனைச் சலவைக் கடையின் பின்கட்டில் இஸ்திரி போடுகிற வேலை. காலை எட்டுக்குப் போனால் ஐந்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை தம்பி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வலது பக்கம் பரவாயில்லை. இடது கால் இழுத்து இழுத்து வந்தது. இடது கை மட்டும் செத்தேபோயிற்று. மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது கிடந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாலு தடவை போனான். மூன்று மாடி இறங்கி ஏறுவதற்குள் உயிர் போகிறது என்று நிறுத்திவிட்டான். அக்கா கெஞ்சினாள், திட்டினாள். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு பேச்சும் குறைந்தது. ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

சலவைக் கடையில் துணி மடிக்கிறவளை எல்லோரும் மடிப்புக்காரி என்பார்கள். அவள் வீட்டுப் பூனை அப்போது குட்டி போட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணு குடு. என் தம்பிக்குப் பேச்சுத் துணைக்கு ஆகும்."

"தாராளமா. ஆனா இன்னும் மூணு நாலு வாரம் போகட்டும்க்கா. தாய்கிட்டயும் கூடப்பொறந்ததுங்க கிட்டயும் இருந்துட்டு வரட்டும்."

"அதுவரைக்கும் இவன் இருக்கணுமே" என்றாள் அக்கா. அன்று சாயந்திரமே துணிப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். ஐந்து வாரக் குட்டி, சாம்பல் நிறம், காது மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெருசு.

மருந்து வேலை செய்தது. குட்டி வந்த மூன்றாம் நாள் தம்பி சிரித்தான். அதற்கு 'முதலாளி' என்று பேர் வைத்தான். "முதலாளி இன்னும் எந்திரிக்கலக்கா, சத்தம் போடாதே" என்பான். "முதலாளிக்கு இன்னைக்கு மீன் பிடிக்கல, சம்பளத்தப் பிடிச்சுடுவார் பாரு" என்பான். அக்கா வேலையிலிருந்து திரும்பும்போது படிக்கட்டிலேயே அவன் குரல் கேட்கும். அதைக் கேட்டதும் அவளுக்கு மூன்றாவது மாடி ஏறுவது லேசாகிவிடும்.

குட்டியோடு அவன் விளையாடியது இடது கையை வைத்துத்தான். வலது கையால் அந்தக் கையைத் தூக்கி மடியில் போடுவான். விரல்களைப் பிடித்து ஆட்டிக் காட்டுவான். குட்டி பாய்ந்து கட்டிப்பிடித்து, பின்னங்கால் இரண்டாலும் உதைத்து, கடித்துக் குதறும். அவனுக்குத்தான் வலி ஒன்றும் தெரியாதே. விழுந்து விழுந்து சிரிப்பான். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதுதான் வேடிக்கை.

"ஏண்டா, ரத்தம் வருதுடா."

"வரட்டும்க்கா. இது என் கையா? பக்கத்து வீட்டுக்காரன் கை."

வந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். பிற்பாடு அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

பத்து மாதத்தில் முதலாளி வாட்டசாட்டமான கடுவன் ஆனது. கட்டிலடியில் பதுங்கியிருந்து அக்காவின் கணுக்காலைக் கவ்வும். தட்டு வைக்கக் குனிந்தால் மணிக்கட்டில் தொங்கும். தடவிக்கொடுத்தால் கண்ணை மூடிச் சொக்கும், அடுத்த நொடி பல்லை இறக்கும். ஒருநாள் யாருடையதோ வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே அவள் மணிக்கட்டிலிருந்து ரத்தம் அதில் சொட்டியது. கடைக்காரர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "பூனை வளக்கறியா, புலி வளக்கறியா?" என்று கேட்டார். குரலில் சிரிப்பில்லை.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பை எடுத்துப் பூனையை அடித்தாள். அடித்தால் அடங்கும் என்று நினைத்தாள். அன்று முதல் அது அவள் கை உயர்ந்தாலே காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு முந்திக்கொண்டு கடித்தது. போன மாதம் விளையாட்டுக்குக் கடித்தது, இந்த மாதம் பயந்து கடித்தது. கையில் புதுக்காயம் இல்லாத நாள் கிடையாது.

மடிப்புக்காரிதான் மாட்டு டாக்டரிடம் போகச் சொன்னாள். தெருவில் அந்த அம்மாவுக்கு அப்படித்தான் பேர். அந்தப் பக்கம் மாடு வந்து எத்தனை காலமாயிற்றோ. குட்டையான, அதட்டிப் பேசுகிற பெண்பிள்ளை. பூனையைத் துண்டில் சுற்றி மேஜை மேல் வைத்து வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"நோவு ஒண்ணும் இல்ல. எத்தனை வாரத்துல எடுத்து வந்தீங்க?"

"அஞ்சு."

"கூட இன்னொரு குட்டி இருக்கா?"

"இல்ல."

"வீட்ல யார் கைய வச்சு விளையாடறது?"

அக்கா தம்பியைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, ரெண்டு குட்டி விளையாடறப்ப ஒண்ணு அழுத்திக் கடிச்சா மத்தது வீல்னு கத்தும். விளையாட்ட விட்டுட்டுப் போயிடும். இவ்வளவுதான் கடிக்கலாம்னு குட்டி அப்படித்தான் கத்துக்கும். நீங்க அதைக் கத்துக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சுட்டீங்க. அப்புறம் விளையாடக் குடுத்தது, எவ்வளவு கடிச்சாலும் கத்தாத ஒரு கைய. அதுக்கு அளவு எங்கேருந்து தெரியும்?"

அக்கா முந்தானையால் தன் மணிக்கட்டுக் காயங்களை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வரிசையாகச் சொன்னார். கையை இனி விளையாட்டுச் சாமானாகக் காட்டவே கூடாது. குச்சியில் துணி கட்டி அதைத் துரத்த விட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் அது களைக்கிற வரைக்கும். கடித்தால் வெடுக்கென்று இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் இறுக்கும். அசையாமல் நின்று, அது விட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் அறையை விட்டுப் போய்விட வேண்டும். அடி கூடவே கூடாது. தடவும்போது வால் நுனி துடித்தால், முதுகுத் தோல் சிலிர்த்தால், காது பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். நகத்தின் நுனியை மட்டும் வெட்டலாம், உள்ளே சிவப்பாகத் தெரிகிற இடத்தைத் தொடக்கூடாது. கீறுவதற்குச் சாக்கு சுற்றிய பலகை ஒன்று வைக்கலாம்.

"உங்க தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அந்தக் கைய மூடி வைக்கச் சொல்லுங்க."

அக்கா அன்றே வந்து சொன்னாள். தம்பி தலையாட்டினான். "சரிக்கா. முதலாளிக்கு வேலை நிறுத்தம்னு அறிவிச்சுடறேன்." முழுக்கைச் சட்டை கேட்டான். இடது கை மறையும்படி பொத்தான் போட்டுவிடச் சொன்னான். அக்காவுக்கு மனசு குளிர்ந்தது.

அவள் பிடிவாதக்காரி. தினமும் ஐந்தரைக்குக் குச்சியும் துணியுமாகக் கூடத்தில் நடப்பாள். பூனை கடித்தால் மரம் மாதிரி நிற்பாள். கண்ணில் தண்ணீர் வரும், கையை இழுக்கமாட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு மாதத்தில் கணுக்கால் தப்பித்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டில் இருக்கும்போது ஒழுங்காக இருக்கிற பூனை, திங்கட்கிழமை சாயந்திரம் வெறி பிடித்த மாதிரி மேலே பாய்ந்தது. செவ்வாய் இன்னும் மோசம். படித்ததையெல்லாம் யாரோ பகலில் அழித்துவிட்ட மாதிரி இருந்தது. யார் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. தம்பிதான் வாக்குக் கொடுத்திருந்தானே.

குளிப்பதைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். சட்டையைத் தானே மாற்றிக்கொள்கிறேன் என்றான். தேறி வருகிறான் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காபி கொண்டு போனபோது அவன் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். நெற்றி அனலாகக் கொதித்தது. அறையில் ஒரு வாடை. பழைய பூ ஜாடித் தண்ணீர் மாதிரி. ஜன்னலைத் திறந்தாள். வாடை சட்டைக் கையிலிருந்து வந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. விடு."

பொத்தானைக் கழற்றிச் சுருட்டினாள். கை இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. பழைய கீறலும் புதுக் கீறலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. சுண்டுவிரலும் மோதிர விரலும் கறுத்துப்போயிருந்தன. அங்கேயிருந்து முழங்கைக்கு ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அவள் கத்தவில்லை. கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"பூனைப்பல்லு ஊசி மாதிரிம்மா" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "மேல துளி ஓட்டை, அது ஒரே நாள்ல மூடிக்கும். உள்ள சீழ் பிடிச்சுகிட்டே போகும். வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பார்." பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இவனுக்கும் ஊசி போடச் சொன்னார். இரண்டு விரலையும் எடுத்தார்கள். கையைத் திறந்து கழுவினார்கள். ஒன்பது நாள் ரத்தத்தில் விஷம் ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியது.

பத்தாம் நாள்தான் அக்கா கேட்டாள். அதுவரை வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயம்.

"ஏண்டா? படிச்சுப் படிச்சு சொன்னேனே. ஏன்?"

அவன் விட்டத்தைப் பார்த்தபடி இருந்தான். "ஒரு நாள் தெரிஞ்சுதுக்கா" என்றான்.

"என்ன தெரிஞ்சுது?"

"வலி. நடுவிரல்ல. சுருக்குனு ஒரு தடவை. நீ மாட்டு டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின வாரம். அப்புறம் அது மறுபடி வரும்னு பாத்துகிட்டே இருந்தேன். மெதுவா கடிச்சா ஒண்ணும் இல்ல. நல்லா அழுத்திக் கடிச்சா லேசா ஏதோ இருக்கற மாதிரி இருக்கும். அதான்… தினம் குடுத்துப் பாத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நம்பிடுவே. அப்புறம் வரலன்னா?"

அக்கா எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தாள். அது நிஜமாகவே இருக்கலாமா என்று கேட்டாள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் அவர். மிஞ்சியிருந்த மூன்று விரல்களையும் துணிக்கட்டிலிருந்து வெளியே எடுத்தார். தம்பியின் கண்ணை ஒரு துண்டால் மூடினார்.

"ஊசி பட்டதும் 'இப்ப'ன்னு சொல்லுங்க."

டாக்டர் கட்டைவிரலில் தொட்டார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலில் குத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. நடுவிரலில் நன்றாகவே அழுத்தினார். ஒன்றும் இல்லை. ஊசியை எடுத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, "இப்ப" என்றான். யாரும் அவனைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "இப்ப. நடுவிரல்." அப்புறம் ஒரு தடவை, அவசரமாக, "இப்ப, இப்ப."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். துண்டை எடுத்தார்.

"எத்தனை சரிக்கா?" என்று கேட்டான் தம்பி. முகம் வேர்த்திருந்தது.

"ரெண்டு" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் பூனையைப் பக்கத்தில் விடவில்லை. கோபம் இல்லை. "அது வந்தா மறுபடி குடுத்துடுவேன்க்கா, எனக்கு என்னையே தெரியும்" என்றான். பகல் முழுக்க அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. பூனை வெளியே உட்கார்ந்து கதவைப் பிறாண்டும். உள்ளேயிருந்து அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். முதலாளி என்ற பேரையும் பிறகு சொல்லவில்லை. நாலு மாதம் அப்படி ஓடியது. ஒரு மத்தியானம் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. அக்கா கடையிலிருந்து ஓடி வந்தபோது மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. சாயந்திரம் அதுவும் நின்றது.

பூனையை யாருக்காவது கொடுத்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். கீழ்வீட்டுக்காரர் சாக்கே கொண்டு வந்தார். மடிப்புக்காரியும் சொன்னாள்.

"அதுக்குக் கத்துக்குடுக்காம எடுத்து வந்தது நான். இப்ப அதைத் தெருவுல விட்டா எவனாவது அடிச்சே கொன்னுடுவான்" என்றாள் அக்கா.

தம்பி கதவைச் சாத்திக்கொண்டதிலிருந்தே, பகலில் கடிக்கக் கை கிடைக்காததால், திங்கட்கிழமைகளும் மற்ற நாள் மாதிரியே ஆகியிருந்தன. அதை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஐந்தரைக்குக் குச்சியை எடுத்தாள். ஒரு வருஷம் பிடித்தது. ஒருநாள் தட்டு வைக்கக் குனிந்தபோது பூனை பழைய பழக்கத்தில் அவள் மணிக்கட்டைக் கவ்வியது. அவள் அசையாமல் நின்றாள். பல் தோலில் பட்டது. அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, தானாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிற்று. அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எச்சில் மட்டும் இருந்தது. அதைத் துடைக்காமலே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தம்பி போன அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.