டப்பாவில் இருந்த ஆற்றங்கரை மண்

ஷார்ஜா தொழில்பேட்டை கேம்ப்பில், என் கட்டிலுக்கு மேல்தட்டில் படுப்பவரின் தலைமாட்டில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கும். உள்ளே தாராபுரம் பக்கம் அமராவதிக் கரையில் உள்ள அவருடைய குலசாமி கோயில் மண், ஒரு பிடி. லீவு முடிந்து வரும்போது ஏர்போர்ட்டில் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ என்று எனக்குத்தான் கவலை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். காக்கிச்சட்டையைக் கண்டாலே பயம்.

அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே சனம், ஒரே ஜில்லா. பழக்கம் முற்றி, என் தங்கச்சியை அவர் தம்பிக்கு நிச்சயம் செய்யும்வரை போனது. ஒரே குலசாமி என்றால் பங்காளி, பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறையாகிவிடும். அதையும் விசாரித்தார்கள். அவர்கள் சாமி பெயர் வேறு, எங்கள் சாமி பெயர் வேறு. பத்திரிகை அடித்தாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சமையல் முறைக்காரரான மலையாளி புடலங்காய்க் கூட்டு வைத்தார்.

"சேட்டா, எனக்கு வேண்டாம். எங்க வம்சத்துக்கு ஆகாது" என்றார் மச்சான். ரூமே சிரித்தது. "சிரிக்காதீங்கடா. ஆத்து வெள்ளத்துல அண்ணன் தம்பி ரண்டு பேரு மரக்கிளையப் புடிச்சுத் தொங்குனாங்களாமா. அதே கிளையில பாம்பு. கடிக்காம உட்டுருச்சு. அன்னைலருந்து பாம்பாட்டம் நீளமா இருக்கற இந்தக் காயத் தின்னறதில்ல. பொறவு ரண்டு பேருக்கும் சண்டை. தம்பிக்காரன் கோயில் மண்ண வேட்டியில முடிஞ்சுட்டு மேக்க போனவன்தான், ஆளையே காணம்."

அந்த ஆள் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வம்சத்தின் முதல் ஆள் அவர்தான்; எங்கள் ஊரில் ஒரு புளியமரத்தடியில் மண்ணைப் போட்டு, சாமிக்குப் புதுப் பெயர் வைத்துக் கும்பிட்டார். எங்கள் வீட்டிலும் புடலங்காய் கிடையாது. சொன்னால் கல்யாணம் நிற்கும். நின்றுபோன கல்யாணத்துக்குப் பெண்ணைத்தான் குறை சொல்வார்கள். சொல்லாவிட்டால் அண்ணன் கையால் தாலி. கூட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

மச்சான் என் தட்டைப் பார்த்துவிட்டார். "ஏன்டா, நீயும் ஒதுக்கி வெச்சிருக்கற?"

சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கை கழுவினார். பிறகு டப்பாவை இறக்கி என் மடியில் வைத்தார்.

"கல்யாணம் கலாஸ், இனி இல்ல. உன்ற தங்கச்சிய ஒரு பேச்சு பேச உடமாட்டேன். என்ற தம்பி மாப்பிள்ளையா வரலீன்னா என்ன, அண்ணனா வந்து நிப்பான். அழுவாத பங்காளி."

மறுவருடம் வேறு இடத்தில் தங்கச்சிக்கு முடிந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. மணவறையில் அண்ணனாக நின்றது அந்தத் தம்பிதான்.

பங்காளியாகிவிட்ட மச்சான் பிரித்துக் கொடுத்த பாதி மண் இத்தனை வருடம் கழித்தும் ஊரில் என் வீட்டு அலமாரியில், வேறொரு பால்பவுடர் டப்பாவில் இருக்கிறது. போன வாரம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். குலசாமி பெயர் வேறுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உங்க ஊட்டுல புடலங்காய் செய்வீங்களாங்க?" என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வாரத்துல ரண்டு நாளு அதுதானுங்க" என்றார்.

அதன் பிறகுதான் டப்பாவை அலமாரியில் வைத்தேன்.