திட்டு வராத சாயங்காலம்

1. முதல் நாள், முதல் டோஸ்

விழுப்புரம் கரண்ட் ஆபீஸில் புகார் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ரிசீவரை எடுத்து வணக்கம் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"கரண்ட் போயி எவ்ளோ நேரம் ஆவுது! இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க எல்லாம்? மல்லாட்டைச் செடிக்கு உங்கப்பனா வந்து தண்ணி பாச்சுவான்?"

பட்டென்று வைத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போன என் அப்பாவை இவர் எதற்கு இழுக்கிறார்? என்னைவிடக் கொஞ்சம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த லைன்மேன் ஏழுமலை எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர்க்காரரு திட்னாரு?" என்றார்.

"திட்றவர்கிட்ட எப்படிங்க ஊர் கேக்கறது?"

"அத்தான் மொதல்ல கேக்கணும். கோலியனூரு மட்டும் திட்னா அங்க ஃபியூஸ் போயிருக்கும். வளவனூரும் சேந்து திட்னா ஃபீடரே டிரிப்பு, ரெண்டு ஊருக்கும் போற மெயின் லைனே கட்டு. திட்டு வந்தாத்தான் நாங்க எந்தப் பக்கம் வண்டிய வுடணும்னே தெரியும்."

எங்கள் ஆபீஸ் வேலை செய்த விதம் அதுதான். மறுநாளிலிருந்து யார் வாயைத் திறந்தாலும், "எந்த ஊருங்க?" என்று நடுவில் நுழைத்துவிடுவேன். அழுகை போன இடம் தெரியவில்லை.

2. ரகம் ரகமாக

திட்டிலும் ரகம் உண்டு. ஹலோகூட இல்லாமல் ஆரம்பித்து உடனே வைத்துவிட்டால் டோஸ். நம் வம்சத்தையே இழுத்தால் அர்ச்சனை. கரண்டில் ஆரம்பித்து நாட்டு நிலைமை வரைக்கும் போனால் மேடைப் பேச்சு. ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எங்கள் இன்ஜினீயர் ஏ.ஈ. சார் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துக் கொடுப்பது மண்டகப்படி.

இவை எல்லாவற்றையும் தாங்கிவிடலாம். லெக்சரைத்தான் தாங்க முடியாது. அதைத் திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் கண்டேன்.

அங்கே ரோஸ்மேரி டீச்சர் என்று ஒருவர். ரிடையரானவர். ஊருக்கு வெளியே தோப்பை ஒட்டித் தனி வீடு. அவர் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அதுவும் ரொம்ப நேரம் தாங்காது. அதனால் ஃபேன் நிற்பதற்குள் எனக்கு போன் வந்துவிடும். குரல் உயராது, மரியாதையும் குறையாது.

"உங்க பேர் என்னம்மா? கலாவா? நல்லது. கலா, பொறுப்புன்னா என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

பதில் சொல்லும்வரை விடமாட்டார். ஒரு நாள் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸே பார்த்துச் சிரித்தது. அவர் நம்பரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

3. மழை

ஒரு மழைநாள். மத்தியானம் அடித்த காற்றில் ஊரே இருண்டது. சாயங்காலம்தான் லைன் சார்ஜ் ஆகிக் கரண்ட் வந்தது. அதுவரைக்கும் திண்டிவனம் மொத்தமும் என்னைக் கழுவி ஊற்றியது. அப்புறம் போன் ஓய்ந்தது. அங்கேயே மாற்றலாகி வந்திருந்த ஏழுமலை நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார்.

"எல்லாம் வந்துட்ச்சி கலா. நான் வூட்டுக்குப் போறேன்."

அப்போதுதான் உறைத்தது. "ஏழுமலை, டீச்சர் இன்னைக்குத் திட்டவே இல்லியே!"

"திட்டலன்னா நிம்மதியா இரேன்."

என்னால் இருக்க முடியவில்லை. டீச்சர் நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். ஏ.ஈ. சாரிடம் ஓடினேன்.

"கம்ப்ளைன்ட்டே வரல, எப்படிம்மா ஆள் அனுப்பறது? ஃபீடர்தான் ஓடுதே!"

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"சார், பொறுப்புன்னா என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம். மெஷின வெச்சுத்தான் ஒரு மனுஷன் மூச்சு விடறாரு. கரண்ட் போன நிமிஷமே போன் பண்றவங்க, மத்தியானத்திலேர்ந்து பண்ணல. அவங்களுக்கு என்னமோ ஆயிருக்கு. அது கம்ப்ளைன்ட் இல்லியா?"

ஏ.ஈ. சார் நாற்காலியை விட்டு எழுந்தார். மண்டகப்படி வரும் என்று காத்திருந்தேன். "ஏழுமலை, வண்டிய எடுங்க" என்றார்.

வேப்பமரக் கிளை முறிந்து கம்பத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரை அறுத்துப் போட்டிருந்தது. லைன் சார்ஜ் ஆனதும், கம்பத்தில் இருந்து தொங்கிய ஒயர் இரும்பு கேட்டில் பட்டுக் கரண்ட் பாய்ந்துகொண்டிருந்தது. அதுவரை மழையில் கணவரை விட்டு நகராத டீச்சருக்கு இப்போது வெளியே வரவும் வழியில்லை. போனில் மத்தியானமே சார்ஜ் தீர்ந்துவிட்டது. அக்கம்பக்கம் ஆளில்லை. வீட்டில் இருந்ததில் கடைசி சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் மீட்டர் முள் அடியில் போய் நின்றது.

ஏழுமலை கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கி, புது ஒயர் இழுத்து, மெஷின் ஓடிய பிறகு எனக்கு போன் பண்ணினார். பேச ஆரம்பிப்பதற்குள் டீச்சர் போனை வாங்கிக்கொண்டார்.

"கலா, நான் கூப்பிடலைன்னா நீங்க கூப்பிட வேண்டாமா? இவ்வளவு நேரமா உங்களுக்கு?"

எழுந்து நின்று முழு லெக்சரையும் கேட்டேன். கண்ணில் தண்ணீர் ஓடியது. முதல் நாள் வந்த அழுகை இல்லை இது.

4. இப்போது

ரிடையராகிவிட்டேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. நாம் வருவோம் என்று நம்புகிறவர்தான் நம்மைத் திட்டுவார். எல்லோரும் திட்டி ஓய்ந்த பிறகு, யார் இன்னும் திட்டவில்லை என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

போன வாரம் திண்டிவனத்தில் கரண்ட் போனது. என் வீட்டு போன் அடித்தது.

"கலா, ரிடையர் ஆயிட்டா பொறுப்பு போயிடுமா?"

"போகாதுங்க டீச்சர்" என்றேன், எழுந்து நின்று.

பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஓர் ஆண் குரல் கேட்டது. "வுடு ரோசி. பாவம் அந்தப் பொண்ணு."